கொலுவில் வைத்த கம்பி நாற்காலி

எங்கள் அக்கா பரமபதித்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவஞ்சலியில் அவர் பொறுமையே உருவானவர் என்று எழுதும்படி பலரும் சொன்னார்கள். பொறுமையாவது! அடைத்துவைத்தால் யாரும் பொறுமையாகத்தான் தெரிவார்கள். தங்கை நான், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா மேல்கோட்டையில் பிறந்தார். அம்மா சீக்கிரமே போய்விட, என்னை வளர்த்தவரும் அவரே. மைசூரில் இரும்புக் கட்டிலும் நாற்காலியும் செய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். பட்டறை வீட்டுக் கொல்லையிலேயே இருந்தது. ஆனால் ஆண்கள் வேலை செய்யும் இடத்தில் மருமகள் கால் வைக்கக்கூடாது என்பது மாமனார் போட்ட சட்டம். நாடு விடுதலை அடைந்த புதிது. ஊரெல்லாம் கொடி பறந்தது. அக்கா அடுக்களை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பட்டறையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு தசராவுக்குச் செம்புக் கம்பியை வளைத்து, உள்ளங்கை அளவில் நாற்காலிகள் செய்து கொலுவில் வைத்தார். முதுகு, கை, கால் எல்லாம் ஒரே கம்பி; எங்கும் ஒட்டு இல்லை. படுக்கக் காலை மடக்கும் கன்றுக்குட்டி போல இருக்கும். "பொம்மை உக்கார நாற்காலியா? சமத்துதான்!" என்று சொல்லிவிட்டுச் சுண்டலோடு போனார்கள் வந்த மாமிகள். அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், ஒன்றை எடுத்துப்போய்ப் பட்டறையில் காட்டினார். அங்கே இரும்பைப் பற்றவைக்கும் கொள்ளேகாலத்து மாரப்பன் ஜன்னலடிக்கு வந்தார்.

"அம்மா, ஆள் உக்கார்ந்தா இது தாங்குமுங்களா?"

"முதுகை இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வையுங்கோ, தாங்கும்."

இப்படி ஜன்னல் வழியாகப் பேசிப் பேசியே நாற்காலிகள் உருவாயின. நன்றாக விற்கவும் செய்தன. பெயர் மட்டும் பட்டறைக்கு.

அவற்றை வாங்கிய பம்பாய் அம்மையார் ஒருவர் வீடு தேடி வந்து, தங்கள் வேலைக்கூடத்தில் ஒரு வருஷம் இருந்து வேலை செய்யும்படி அக்காவை அழைத்தார். அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்! "ஒரே வருஷம்தான்டி, போயிட்டு வந்துடறேன். மாமனார் சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான்," என்றார்.

அத்திம்பேர் கேட்டுவிட்டு வந்து, "அப்பா வேண்டாம்ங்கறார்," என்றார்.

அதன்பின் அக்கா கம்பியைத் தொடவில்லை. மாமனாருக்குச் சாதம் போடும்போதும் அவர் முகத்தைப் பார்க்கமாட்டார். அவர் காலமானபோது அக்கா கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கடைசியில் காய்ச்சலில் கிடந்தபோது, காற்று வரட்டும் என்று கொல்லைப்புறக் கதவைத் திறந்தேன். "மூடுடி, பட்டறைச் சத்தம் கேக்கறது," என்றார். மூடினேன்.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டாருக்கும், அந்த நாற்காலிகளை இன்றும் 'அம்மா நாற்காலி' என்றே சொல்லும் மாரப்பனுக்கும் எங்கள் நன்றி.

மாமனாரைப் பற்றி இங்கே கடுமையாக நாலு வரி எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகுமுன் அத்திம்பேரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அதை அடிச்சுடு. அப்பா, அவ போயிட்டு வரட்டும்னுதான் சொன்னார். போனா திரும்பி வரமாட்டாளோன்னு பயந்து, நான்தான் மாத்திச் சொன்னேன். இதையே போடு, எல்லாரும் படிக்கட்டும்."

அப்படியே போட்டுவிட்டேன். அக்காவுக்குத்தான் இனி யாரும் சொல்லமுடியாது.