அக்கா போட்ட போர்டும் நான் அளந்த அளவும்

பட்டுப்புடவைக் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு சோப்பு டப்பாவை அளக்கத் தெரியாது என்று வெளியே தெரிந்தால் வியாபாரம் என்னாகும் என்று பயந்துதான் இத்தனை மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது அக்காவின் நினைவு மலரில் நானே அச்சில் ஏற்றுகிறேன். காரியத்துக்கு வந்து, பந்திக்கு இடம் கிடைக்கும் வரை இதைப் புரட்டிக்கொண்டிருக்கும் சொந்தங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அக்கா எப்போதோ சிரித்து முடித்துவிட்டார்.

'சிரித்தார், முடித்தார்' என்று அக்காவுக்கு 'ஆர்' போடுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆயுள் முழுக்க நீ, வா, போ என்று பேசியவன் நான். மலர் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று அச்சகத்துக்காரர் சொல்லிவிட்டார்.

அக்கா பிறந்தது தேசூரில், அம்மாவின் தாய்வீட்டில். வளர்ந்தது ஆரணியில், அப்பாவின் தறிக்குப் பக்கத்தில். வீட்டுக்கு மூத்தவர் அக்கா, கடைக்குட்டி நான். அக்கா பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கப் போனபோது தெருவில் எல்லாரும் அப்பாவை நிறுத்தி நிறுத்தி விசாரித்தார்கள். "பொண்ணு ரேடியோ ரிப்பேர் கடை வெக்கப் போவுதா?" என்று கேட்டவர்கள் வீட்டு ரேடியோக்களையெல்லாம் அடுத்த வருஷமே அக்காதான் சரிசெய்து கொடுத்தார். படிப்பு முடியும் தறுவாயில் அப்பா தவறிவிட்டார். சந்தவாசல் பக்கம் ஒரு சின்னத் தொலைபேசி நிலையத்தில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்து அம்மாவைக் காப்பாற்றினார், என்னைப் படிக்கவைத்தார். படிக்காமல் போனது என் சொந்த முயற்சி.

அக்காவைக் கட்டிய மாமாவுக்கு விசைத்தறி ஷெட்டில் மெக்கானிக் வேலை. கல்யாணத்தின்போது அவருக்குக் காது நன்றாகவே கேட்டது. அந்த ஷெட்டில் பத்துத் தறி ஓடினால் பக்கத்தில் இருப்பவன் கத்துவதே உதட்டசைவில்தான் தெரியும். வருஷம் போகப் போகக் காது கேட்பது குறைந்து, கடைசியில் சுத்தமாகப் போய்விட்டது. வாங்கிக் கொடுத்த மெஷினைக் காதில் வைத்தால் தலைக்குள் இன்னொரு ஷெட் ஓடுகிறது என்று கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டார். "நான் பேசிப் பேசித்தான் காது போச்சுனு ஊரெல்லாம் சொல்லிகினு திரியிறாரு உங்க மாமா" என்பார் அக்கா. மாமா அதையும் உதட்டைப் பார்த்தே படித்துவிட்டு, "பொய் சொல்லல" என்பார்.

தொலைபேசி நிலையத்தில் இடி விழுந்து கருகிப்போன சர்க்யூட் கார்டுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அக்காவுக்குத் தானே சர்க்யூட் செய்யும் ஆசை வந்தது. வேலையிலிருந்து முன்னதாகவே ஓய்வு பெற்றதும் சாப்பாட்டு மேசையில் பாதியை சால்டரிங் அயனுக்கு ஒதுக்கிவிட்டார். முதலில் கடையில் கிடைக்கும் ஓட்டைப் பலகையில் ஒயரை இழுத்து இழுத்து ஒட்டினார். பிறகு கம்ப்யூட்டரில் தானே வரைந்து, அதைப் போர்டு செய்யும் கம்பெனிக்கு நெட்டிலேயே அனுப்பினால், நாம் வரைந்தபடியே செம்புக் கோடுகளும் ஓட்டைகளுமாகப் பச்சைப் போர்டு கூரியரில் வந்துவிடும் என்று கண்டுபிடித்தார். புடவைக்கு டிசைன் போட்டுக் கொடுத்து நெய்து வாங்குவது மாதிரிதான் என்று எனக்கு விளக்கினார். எனக்கு அப்போதும் புரியவில்லை. ஆனால் தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

முதல் போர்டு, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துவதற்கு. வந்து பார்த்தால் ஐசியின் கால்கள் எல்லாம் இடவலம் மாறியிருந்தன. அக்கா போர்டைப் பின்பக்கம் பார்த்து வரைந்துவிட்டார். "புடவ மொகத்தக் கீழ வெச்சி நெய்யிற வூட்ல பொறந்தவடா நானு. பின்ன எந்தப் பக்கம் பாத்து வரைவேன்?" என்றார். தூக்கிப் போடவில்லை. ஐசியை மல்லாக்கப் படுக்கவைத்து, செத்த கரப்பான் மாதிரி கால்களை மேலே தூக்கி, ஒவ்வொரு காலுக்கும் ஒரு ஒயர் ஒட்டினார். அந்தக் கரப்பான் இன்றைக்கும் அக்கா வீட்டு மாடியில் தொட்டி நிரம்பினால் கத்துகிறது.

இந்தக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு போர்டு கேட்டாலும் ஐந்து செய்துதான் அனுப்புவார்கள். அக்காவுக்கு ஒன்று போதும். மீதி நான்கு? இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் வீட்டில் அந்த நான்கில் ஒன்று இருக்கிறது. கேஸ் கசிந்தால் கத்துவது, கரண்ட் வந்தால் கத்துவது, ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தால் கத்துவது. சீர்வரிசைத் தட்டில் வெற்றிலைக்குப் பக்கத்தில் சர்க்யூட் போர்டு வைத்த ஒரே நாத்தனார் எங்கள் அக்காதான் என்று என் மனைவி சொல்வாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் அக்கா விழுந்தார். இடுப்பு எலும்போடு மற்ற நோய்களும் வெளியே வந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, இனி எழுந்து நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெங்களூரிலிருந்து மகள் கவிதா வந்தாள். அம்மாவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவது என்ற முடிவோடு வந்திருந்தாள்.

"நர்சம்மா சாயங்காலம் போயிடறாங்க. அதுக்கப்புறம் நீ கட்டில்ல இருந்து கத்துனா அப்பாவுக்குக் கேக்குமாம்மா? தண்ணி வேணும்னாக்கூட அவரா வந்து எட்டிப் பாக்குற வரைக்கும் காத்துகினு கெடப்பியா?"

"உங்கப்பாவ அங்க கூட்டிகினு போய் இன்னா பண்ணுவ?" என்றார் அக்கா. "இந்தத் தெருவுல ஒவ்வொருத்தனுக்கும் தெரியும், அவருக்குக் கேக்காதுனு. வண்டிக்காரன் ஆரன் அடிக்காம நின்னு, அவரு தாண்டுன பின்னாலதான் போறான். பெங்களூர்ல எவன் நிப்பான்? என்னப் பாத்துக்கறேன்னு அவர லாரிக்குக் குடுத்துடாத."

"அப்போ எதுனா ஒரு வயி சொல்லு."

"சொல்றேன். ஒரு மாசம் டைம் குடு."

கவிதாவும் அக்காவின் மகள்தானே. சரி என்றாள். ஆனால் கண்டிஷன் போட்டாள். அடுத்த மாதம் வருவேன், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பேன், நீ கூப்பிட வேண்டும், அப்பா எங்கே இருந்தாலும் வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கே ஆம்புலன்ஸ்.

கடையில் ரெடிமேட் காலிங் பெல் கிடைக்குமே என்று நான் புத்திசாலித்தனமாகச் சொன்னேன். "சத்தம் போடத்தான் நான் இருக்கேனே, அதுக்கு எதுக்குடா பெல்லு? அவருக்கு ஒடம்புல தெரியணும்" என்றார் அக்கா. செல்போனை அதிரும்படி வைத்துவிட்டால் போகிறது என்றேன். அதற்கு மாமாவே பதில் சொன்னார். "அது ஆடுனா உங்கக்காவா, லோன் வேணுமானு கேக்குறவனானு எனக்கு எப்படித் தெரியும் மச்சான்?"

ஆகவே அக்கா படுத்தபடியே மடிக்கணினியை வயிற்றில் சாய்த்துக்கொண்டு வரைய ஆரம்பித்தார். கட்டிலோரம் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் தெருக்கோடி டீக்கடை வரைக்கும் எட்டி, மாமாவின் சட்டைப் பையில் உள்ள டப்பா அதிர வேண்டும். அதற்கென்று நான் வாங்கிவைத்திருந்த சோப்பு டப்பா என் கடையில் இருந்தது. அக்கா போன் செய்து உள்நீளம் கேட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் இஞ்சு டேப்பை எடுத்து அளந்து சொன்னேன்.

"அவ்ளோ நீளமா? சோப்பு டப்பாவா, டிபன் டப்பாவாடா?"

"பெரிய சோப்பு அக்கா. துணி அளக்குறவன்கிட்டயே டவுட்டா?"

கடையிலிருக்கும் அந்த டேப்பின் தலைப்பக்கம் அறுந்து, முதல் இஞ்சு போய்ப் பல வருஷம் ஆகிறது. கடையில் எல்லாருக்கும் தெரியும். அளந்து வருவதில் ஒன்றைக் கழித்துத்தான் சொல்வோம். பட்டுக்குக் கழிக்கிற புத்தி சோப்பு டப்பாவுக்கு வேலை செய்யவில்லை.

போர்டு வந்தது. கவிதா மறுநாள் வருகிறாள். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பார்சலைப் பிரித்தார். டப்பாவுக்குள் போர்டை வைத்தார். ஒரு பக்கம் உள்ளே போனது, மறுபக்கம் எட்டிப் பார்த்தது. திருப்பி வைத்தார். அப்போதும் எட்டிப் பார்த்தது. நான் பார்சலில் மீதியிருந்த போர்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன்.

"அஞ்சும் ஒண்ணுதாண்டா. ஒண்ணாவது உன்மேல எரக்கப்பட்டுச் சின்னதா வந்திருக்கும்னு பாக்குறியா?"

டேப்பு விஷயத்தைச் சொன்னேன். வேறு போர்டு செய்து வர நாளில்லை. அக்காவை ஆம்புலன்ஸில் ஏற்றப்போவது நோயில்லை, என் கடை டேப்புதான் என்று தோன்றியது. அக்கா என்னையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். இடுப்பு வலித்து, "ஐயோ, சிரிக்க வெக்காதடா, வலிக்குது" என்று கத்திக்கொண்டே சிரித்தார். எதிரே உட்கார்ந்திருந்த மாமாவுக்கு விஷயம் தெரியாது. மனைவி அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் என்னைப் பார்த்து, "இன்னா பண்ண அவள?" என்று கேட்டார்.

"போர்ட வெட்ட முடியாது. டப்பாவ மாத்து, ஜல்தி ஓடு" என்றார் அக்கா.

ஆரணிக் கடைவீதியில் அந்த நீளத்துக்குக் கிடைத்தது ரயில் படம் போட்ட, பிள்ளைகளுடைய பிளாஸ்டிக் பென்சில் டப்பா ஒன்றுதான். அது மாமாவின் சட்டைப் பையில் பாதிதான் இறங்கியது. குனிந்தால் விழும். மாமாவின் சட்டைகளை எடுத்துக்கொண்டு டெய்லரிடம் போனேன். "பாக்கெட்டு இவ்ளோ ஆயமா எதுக்குங்க? உங்க மாமா கட்சி கிட்சி ஆரம்பிக்கிறாரா?" என்று கேட்டுவிட்டு, நான் காரணம் சொன்னதும் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துத் தைத்துக் கொடுத்தார்.

அக்காதான் சால்டர் செய்தார். கை நடுங்கியபோது என் தோளில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். ஒட்டி முடிக்கும் வரை நான் மூச்சு விடக் கூடாது என்றார்.

மறுநாள் கவிதா கட்டிலுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றாள். மாமா வழக்கம்போல் தெருக்கோடி டீக்கடைக்குப் போயிருந்தார். "ம், கூப்புடும்மா" என்றாள் கவிதா. அக்கா பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் ஒரு வண்டி போனது. அக்கா இன்னொரு தபா அழுத்தவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கவிதா போனைக் கையில் எடுத்தாள்.

மாமா ஓடி வந்தார். கையில் டீ கிளாஸ், பாதி டீ சட்டையில். பின்னாலேயே டீக்கடைக்காரர், "யோவ், கிளாஸக் குடுத்துட்டுப் போய்யா!" என்று கத்திக்கொண்டு வந்தார். யாருக்குக் கேட்கப்போகிறது? மாமா நேரே கட்டிலுக்கு வந்து, "இன்னா வேணும்?" என்றார்.

"ஒண்ணும் வேணா. போய் டீயக் குடிங்க" என்றார் அக்கா.

கவிதா போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சரி, இங்கியே இரு" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அக்கா இருந்த காலமெல்லாம் ஆரணியில், தன் வீட்டில், தன் கட்டிலில்தான் இருந்தார். தண்ணீருக்கு அழுத்தினார், தலையணைக்கு அழுத்தினார், பல நேரம் எதற்கும் இல்லாமல் அழுத்தினார். மாமா வந்து நின்றால், "சும்மாதான். எங்க கீறீங்கனு பாத்தேன்" என்பார். "பேஜார் புடிச்சவ" என்று சொல்லிவிட்டு மாமா திரும்பிப் போவார். ஒரு தபாகூட வராமல் இருந்ததில்லை. அக்கா கண்மூடிய காலையில் அழுத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், அம்மாவைப்போல் கவனித்த நர்சம்மாவுக்கும், பார்சலைத் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு கொண்டுவந்த கூரியர்காரருக்கும், பாக்கெட்டை இறக்கித் தைத்த டெய்லருக்கும், அதன் பிறகு மாமாவுக்குக் கண்ணாடி கிளாஸில் டீ தராமல் பேப்பர் கப்புக்கு மாறிய டீக்கடைக்காரருக்கும், ஆரன் அடிக்காமல் நின்ற தெருவுக்கும், சொன்ன சொல்லைக் காப்பாற்றிய கவிதாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நான் கொடுத்த தப்பளவை இம்மியும் பிசகாமல் செய்து அனுப்பிய முகம் தெரியாத கம்பெனிக்காரர்களுக்கும்தான். நான்கு போர்டுகள் மீதி இருக்கின்றன. வீட்டில் காது கேட்காத பெரியவர்கள் இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பென்சில் டப்பா உங்கள் பொறுப்பு.

எல்லாரையும்விட மாமாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். இதை எழுதிய அன்று நான் அக்காவின் அறையில், அந்தக் கட்டில் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். இந்த நன்றியை அவருக்குக் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது. மாமா பின்கட்டில் இருந்தார். எழுந்து போகச் சோம்பல். கத்தினால் கேட்காது. கைக்கெட்டும் தூரத்தில் பொத்தான் இருந்தது. யோசிக்காமல் அழுத்திவிட்டேன்.

அக்கா போன பிறகும் மாமா அந்த டப்பாவைச் சட்டையிலிருந்து எடுக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஓடி வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை, நேரே கட்டிலின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தார். சுருட்டிவைத்த பாயைப் பார்த்தார். பிறகுதான் பொத்தான் மேல் இருந்த என் விரலைப் பார்த்தார். நான் எழுதிய தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

"அவளால எயுந்து வர முடியல, அமுக்குனா. உனக்கு இன்னா கேடு? எயுந்து வந்து கூப்புடு."