சந்து, வரம், பொடி

உளவியல் துறையில் அவரைப் 'பத்து மேடம்' என்றுதான் மாணவர்கள் சொல்வார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள், அவரும் கண்டுகொள்ள மாட்டார். முதுகலை இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடத்திலிருந்து வந்த பெயர் அது. வயதான ஒருவரிடம் கேள்வி கேட்டால், பதில் வந்த பிறகும் மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். அதற்கு அப்புறம்தான் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

"முதல்ல வர்ற பதில் உங்களைச் சீக்கிரம் அனுப்பி வைக்கிறதுக்கு. பத்து எண்ணிட்டு உக்காந்திருங்க, நிஜமான பேச்சு அப்புறம்தான் ஆரம்பிக்கும்" என்பார்.

முதியோர் நலம் அவராகத் தேர்ந்தெடுத்த துறை இல்லை. தொழிற்சாலை வேலையாட்களின் மன அழுத்தத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். முதியோர் பாடத்தை எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியை பிரசவ விடுப்பில் போனபோது, "ஆறு மாசம் பாத்துக்குங்க" என்று துறைத்தலைவர் அதை இவர் தலையில் கட்டினார். விடுப்பில் போனவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். ஆறு மாதம் பதினோரு வருஷமாக நீண்டது. இடையில் அவருக்கே அந்த வேலை பிடித்துப்போயிற்று.

வகுப்பில் பெரும்பாலும் ஆறேழு பேர்தான் சேருவார்கள். மற்றவர்களெல்லாம் குழந்தைகள் பக்கமோ கம்பெனிகள் பக்கமோ போய்விடுவார்கள். சேர்ந்தவர்களை முதல் மாதம் எங்கேயும் அனுப்ப மாட்டார். ஒருவர் முதியவராகவும் ஒருவர் ஆய்வாளராகவும் உட்கார்ந்து வகுப்பிலேயே பேசிப் பழக வேண்டும். முதியவராக நடிக்கிறவர் உடனே கூனிக்கொண்டு இரும ஆரம்பிப்பார்.

"எழுபது வயசானா இருமணும்னு சட்டம் ஏதாவது இருக்கா? எங்க மாமியாருக்கு எழுபத்தாறு. காலையில எனக்கு முன்னாடி பேப்பரைத் தூக்கிட்டுப் போயிடுறாங்க. நிமிந்து உக்காருங்க" என்பார் மேடம்.

அந்த வருஷம் சேர்ந்தவர்களில் ஒரு பெண் முன்பு ஒரு கால் சென்டரில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். ஒரு நிமிஷத்தில் மற்றவர்கள் பேசுவதைப்போல் இரண்டு மடங்கு பேசுவாள். கூடப் படிக்கிறவர்கள் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மேடத்தின் பத்து எண்ணிக்கையை அவள் நான்கு செகண்டில் முடித்துவிடுவாள். ஆனால் கெட்டிக்காரி, கொடுத்த வேலையைத் தட்டிக்கழிக்க மாட்டாள்.

இரண்டாம் மாதம் மேடம் மாணவர்களை ஒரு முதியோர் இல்லத்துக்கு அழைத்துப்போனார். சாலையைப் பார்த்தபடி முன்கட்டடம், அதற்குப் பின்னால் துணி காயப்போடும் முற்றம், முற்றத்தைத் தாண்டி 'பி பிளாக்' என்ற சிறிய கட்டடம். நினைவு தடுமாறுகிறவர்கள் பி பிளாக்கில் இருந்தார்கள். அதன் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும்.

எக்ஸ்பிரஸுக்குக் கொடுக்கப்பட்டவர் முன்கட்டடத்தில் இருந்த ஒரு பஸ் டிரைவர். வயது எழுபத்தெட்டு, முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டியவர். முப்பது மதிப்பெண்ணுக்கான நினைவுச் சோதனையை அவரிடம் நடத்த வேண்டும், ஒலிப்பதிவுக்கு அவர் சம்மதத்தையும் எழுதி வாங்க வேண்டும். பதினெட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு வந்து தாளை நீட்டினாள். முப்பதுக்குப் பதினாலு. இருபத்து நாலுக்குக் கீழே போனாலே கவலைப்பட வேண்டும் என்பது கணக்கு.

"பாவம் மேடம், நல்லா சிரிச்சுப் பேசுறாரு. ஆனா எதுவுமே நிக்கல. மூணு வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒண்ணுகூட சரியா வரல."

தாளில் அந்த இடத்தில் வெறும் பூஜ்யம் போட்டிருந்தது.

"என்ன சொன்னாரு?"

"தப்பா சொன்னாரு மேடம்."

"தப்புன்னா, என்ன வார்த்தை சொன்னாரு?"

அவளுக்கு ஞாபகம் இல்லை. மறுநாள் வகுப்பில் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார்கள். எக்ஸ்பிரஸின் குரல் கடகடவென்று ஓடியது: "பந்து, மரம், கொடி. திருப்பிச் சொல்லுங்க ஐயா." டிரைவர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "சந்து, வரம், பொடி."

வகுப்பில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மேடம் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் எழுந்துபோய்க் கரும்பலகையில் ஆறு வார்த்தைகளையும் எழுதினார். பந்து, சந்து. மரம், வரம். கொடி, பொடி.

"மறந்து போறவங்க இப்படியா எதுகை போட்டு மறப்பாங்க?" என்று கேட்டார்.

எக்ஸ்பிரஸ்தான் மெதுவாகச் சொன்னாள்: "அவருக்குக் காது கேக்கல மேடம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை, காது பரிசோதிக்கும் நிபுணர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்ஜின் சத்தம் முப்பத்தொரு வருஷத்தில் டிரைவரின் கேட்கும் சக்தியில் பாதியைத் தின்றிருந்தது. நிபுணர் உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் ஒலிபெருக்கிக் கருவியை எடுத்து அதன் ஹெட்ஃபோனை டிரைவரின் தலையில் மாட்டினார். எக்ஸ்பிரஸ் எதிரே உட்கார்ந்து வேறு வார்த்தைகளை வைத்து அதே சோதனையை நடத்தினாள். இந்தத் தடவை ஒழுங்காகப் பத்து எண்ணினாள். இருபத்தாறு வந்தது.

டிரைவர் சந்தோஷப்படவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா இங்க எல்லாரும் என்னைப் பாத்தாலே வாயை மட்டும் அசைக்கிறீங்க. நான் தலையை ஆட்டுறேன், நீங்க போயிடுறீங்க. ஒருத்தராவது கிட்ட வந்து சத்தமா பேசியிருந்தா என்ன குறைஞ்சுபோயிருக்கும்?"

எக்ஸ்பிரஸ், "மன்னிச்சிருங்க ஐயா" என்றாள்.

"நீ நேத்து வந்தவம்மா. உன்னைச் சொல்லல" என்றார் அவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாணவர்கள் ஏதோ பரிசு வாங்கியவர்கள்போலப் பேசிக்கொண்டு வந்தார்கள். மேடம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் மனசில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அந்த இல்லத்திலும் இன்னோர் இல்லத்திலுமாக அறுபத்து நாலு பேரிடம் இதே சோதனையை நடத்தி, இருபத்திரண்டு பேருக்கு நினைவுக் குறைவு இருப்பதாகக் கணக்குக் காட்டிய கட்டுரை. பலர் தங்கள் கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பத்தில் அதைத்தான் முதல் வரியில் எழுதியிருந்தார். அந்த அறுபத்து நாலு பேரில் ஒருவருடைய காதைக்கூட அவர் சோதிக்கவில்லை.

கல்லூரிக்கு வந்ததும் பீரோவைத் திறந்து பழைய தாள்களை எடுத்தார். மூன்று வார்த்தைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு பேருக்கும் பூஜ்யமோ ஒன்றோ போட்டிருந்தது. என்ன சொன்னார்கள் என்று யாரும் எழுதவில்லை. அப்போது ஒலிப்பதிவும் கிடையாது. தாள்களின் கீழே சரிபார்த்ததற்கு அடையாளமாக அவருடைய கையெழுத்துத்தான் இருந்தது.

மறுநாள் துறைத்தலைவரிடம் போய், அந்தச் சோதனையை மறுபடி நடத்தப்போவதாகவும், தப்பு என்று தெரிந்தால் கட்டுரை வெளியான ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதித் திருத்தப்போவதாகவும் சொன்னார். துறைத்தலைவர் நல்ல மனிதர், வம்பு வேண்டாம் என்று நினைக்கிறவர்.

"பதவி உயர்வு கமிட்டி நாலு மாசத்துல கூடுது. யாரும் கேக்கலையே மேடம். நீங்களா போய் ஏன் சொல்லணும்?"

"அவங்களுக்கும் கேக்கல சார். அதான் பிரச்சினையே" என்றார் மேடம்.

துறைத்தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

இருபத்திரண்டு பேரில் நாலு பேர் இறந்திருந்தார்கள். மூன்று பேரைச் சொந்தக்காரர்கள் எங்கோ அழைத்துப்போயிருந்தார்கள். மிச்சம் பதினைந்து பேர். அவர்களைத் தேடி மாணவர்கள் ஆறு வாரம் அலைந்தார்கள். முதலில் காது, அப்புறம் கண்ணாடி, கடைசியில்தான் கேள்விகள். பதினைந்து பேரில் பன்னிரண்டு பேருக்குக் காது மந்தம். கருவியை மாட்டிவிட்டுக் கேட்டதும் ஆறு பேரின் மதிப்பெண் இருபத்து நாலைத் தாண்டியது. மற்றவர்களுக்கு நிஜமாகவே நினைவு குறைந்திருந்தது.

அந்த ஆறு பேரில் ஒருவர் தையல் ஆசிரியையாக இருந்த எண்பத்திரண்டு வயதுப் பெண்மணி. அவர் பி பிளாக்கில் இருந்தார். எப்போது அங்கே போனார் என்று மேடம் இல்லத்தின் மேலாளரிடம் கேட்டார். மேலாளர் பதிவேட்டைப் புரட்டித் தேதியைச் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி.

"யார் சொல்லி மாத்தினீங்க?"

மேலாளர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "நீங்க கொடுத்த லிஸ்ட்டுதான் மேடம். மார்க் குறைவா இருந்தவங்களைப் பாதுகாப்பா பின்னாடி வெச்சோம். அவங்களும் ஒண்ணும் சொல்லல."

மேடத்துக்கு அந்தப் பட்டியல் நினைவிருந்தது. இடம் கொடுத்து உதவினார்களே என்று நன்றிக் கடிதத்தோடு சேர்த்து அவரே அனுப்பியது. அதை வைத்து யாரையாவது கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பார்கள் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

விஷயத்தைத் தையல் ஆசிரியையிடம் தானே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். எக்ஸ்பிரஸும் கூடப் போனாள். அறையில் இரண்டு கட்டில்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் தன் புடவை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நினைவு முழுக்கப் போயிருந்தது. தையல் ஆசிரியை புதிதாக வந்த கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மேடம் சுற்றி வளைக்காமல் சொன்னார். "மூணு வருஷம் முன்னாடி நான் ஒரு சோதனை வெச்சேன். உங்களுக்குக் காது கேக்குதான்னு பாக்காம வெச்சுட்டேன். அதனாலதான் உங்களை இங்க மாத்தினாங்க. தப்பு என்னோடது."

தையல் ஆசிரியை அவரையே பார்த்தார். எக்ஸ்பிரஸ் மனசுக்குள் பத்து எண்ணினாள். பத்து முடிந்தது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

"நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், அதான் பூட்டி வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன்" என்றார் அவர் கடைசியில். "என்ன தப்புன்னு தினமும் யோசிப்பேன்."

மேடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கையில் இருந்த பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பின்னாலேயே வந்திருந்த மேலாளர், முன்கட்டடத்தில் ஜன்னல் வைத்த அறை ஒன்று காலியாக இருக்கிறது, இன்றைக்கே மாறிக்கொள்ளலாம் என்றார். தையல் ஆசிரியை பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் போயிட்டா இவளுக்கு யார் தலை வாரி விடுவா? ரூம் வேண்டாம். கதவைத் திறந்து வைங்க."

அது முடியாது என்றார் மேலாளர். மற்றவர்கள் வெளியே போய்த் தொலைந்துவிட்டால் யார் பொறுப்பு? அரை மணி நேரம் இழுபறி நடந்தது. எக்ஸ்பிரஸ்தான் குறுக்கே புகுந்து, "சார், அவங்ககிட்டயே ஒரு சாவி கொடுத்துட்டா என்ன?" என்றாள். மேலாளர் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். இரண்டு நாள் கழித்து ஒரு சாவி வந்தது. தையல் ஆசிரியை அன்று சாயங்காலமே கதவைத் திறந்து, வெளியே வந்து, கதவைப் பூட்டிவிட்டு, முற்றத்தைத் தாண்டி வாசல் கேட் வரைக்கும் நடந்தார். சாலையில் போகிற வண்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் திரும்பி வந்தார்.

திருத்தம் அந்தப் பத்திரிகையில் ஒன்றரைப் பக்கத்துக்கு வந்தது. பதவி உயர்வு கமிட்டி கூடியபோது, முக்கியக் கட்டுரையே திருத்தப்பட்டிருப்பதால் விண்ணப்பத்தைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தார்கள். பேராசிரியர் ஆக அவருக்கு இன்னும் மூன்று வருஷம் பிடித்தது. வீட்டில் கணவர் ஒரு வாரம் அதைப் பற்றிப் புலம்பினார். மாமியார் மட்டும், "செஞ்சது சரிதான். காது விஷயத்துல விளையாடக் கூடாது" என்று பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

எக்ஸ்பிரஸ் அந்தப் பதினைந்து பேரை வைத்தே தன் ஆய்வேட்டை எழுதினாள். படிப்பை முடித்ததும் ஒரு மருத்துவமனையின் முதியோர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றும் வேகமாகத்தான் பேசுகிறாள், நோயாளிகளிடம் தவிர.

தையல் ஆசிரியை மாணவர்களோடு நன்றாகப் பேசுவார். மேடம் வந்தால் மட்டும் ஏதாவது வேலையாக எழுந்து போய்விடுவார். மேடம் அதைப் பற்றி யாரிடமும் குறைபட்டுக்கொள்ளவில்லை, செவ்வாய்க்கிழமைதோறும் இல்லத்துக்குப் போவதையும் நிறுத்தவில்லை.

சாவி வந்ததற்கு அடுத்த வருஷம் புது மாணவர்கள் வந்தார்கள், தனிமையைப் பற்றிப் புது ஆராய்ச்சி ஒன்று தொடங்கியது. அதில் சேர விருப்பமா என்று மேடம் சம்மதப் படிவத்தோடு தையல் ஆசிரியையிடம் போனார். அவர் அன்று எழுந்து போகவில்லை. படிவத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, "பேனா கொடு" என்று கையை நீட்டினார்.

'தேவைப்பட்டால் முடிவுகள் இல்ல நிர்வாகத்துடன் பகிர்ந்துகொள்ளப்படலாம்' என்றிருந்த வரியை, ஸ்கேல் வைத்ததுபோல் நேராக ஒரு கோடு இழுத்து அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கேளு" என்றார்.

மேடம் நாற்காலியை அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மறுநாள் கல்லூரிக்குப் போனதும் எல்லாப் படிவங்களிலிருந்தும் அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டார்.