நிறம் மாற்ற மறுத்த புரோகிராம்

எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் யாராவது பைத்தான் மொழியின் செட்ஆட்டரைத் திருத்தி எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தலையைச் சுற்றி ஏன் மூக்கைத் தொடுகிறீர்கள் என்று கமெண்ட் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். அனுப்பிய பிறகு கொஞ்ச நேரம் எனக்கு வேலை ஓடாது. சின்ன காஞ்சிபுரத்தில் என் தோழி வீட்டு முன்னறை ஞாபகம் வந்துவிடும்.

பக்கத்து ஏனாத்தூரில் கல்லூரியில் படித்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கேதான் கிடப்பேன். அவள் அப்பாவுக்கு வீட்டிலேயே இரண்டு தறி. கை சுத்தமான நெசவாளர், ஆனால் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. கடைக்காரர் போனில் கொஞ்சம் கலரை மாற்றுங்களேன் என்றால் போதும், தலையாட்டிவிடுவார். சேலையின் நீளவாட்டு நூலான பாவை அதற்குள் தறியில் பிணைத்து முடித்திருப்பார்கள். அதற்குமேல் நிறத்தை மாற்றுவதென்றால் நூலை அறுத்துப் போட வேண்டியதுதான். ஒரு முறை அறுத்தும் போட்டார்.

அதனால்தான் கல்லூரி ப்ராஜெக்டுக்குச் சேலையையே எடுத்தோம். பைத்தானில் சேலை ஒரு ஆப்ஜெக்ட். உடல் நிறம், கரை நிறம், முந்தானை நிறம் எல்லாம் அதன் பண்புகள். சாதாரணமாக யார் வேண்டுமானாலும் எந்தப் பண்பிலும் எதையும் எழுதிவிட்டுப் போகலாம். பைத்தான் ஏன் என்று கேட்காது, அவள் அப்பாவைப் போலவே. அப்படி எழுதும்போதெல்லாம் உள்ளே ஓடுவதுதான் செட்ஆட்டர். அதை நாமே மாற்றி எழுதினால் வாசலில் ஆள் நிறுத்திய மாதிரி. கரைக்கு நிறம் கொடுத்தால் முந்தானைக்கும் அதுவே போக வேண்டும், இங்கே வழக்கம் அப்படி. பாவு பிணைத்தாயிற்று என்று குறித்த பிறகு நிறத்தில் கை வைத்தால் மறுக்க வேண்டும்.

முதலில் எழுதியது ஓடவேயில்லை. செட்ஆட்டருக்குள்ளேயே மறுபடி நிறத்தை எழுதினோம். அது திரும்பவும் செட்ஆட்டரைக் கூப்பிட, அது திரும்பவும் தன்னையே கூப்பிட, கடைசியில் லேப்டாப் பிழை காட்டிப் படுத்துக்கொண்டது. எழுதும் வேலையை, எங்கள் சேலைக் கிளாஸுக்கு மூலமான தாய் கிளாஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்று புரிவதற்குள் ஒரு மத்தியானமே போயிற்று. அந்த மத்தியானத்தில் சிரித்த மாதிரி பிறகு எந்த அலுவலகத்திலும் நான் சிரித்ததில்லை. இப்போதும் அதற்காக ஏங்குகிறேன்.

சரியானதும் அவள் அப்பாவே ஒரு நிறத்தை மாற்றிப் பார்த்தார். 'பாவு பிணைச்சாச்சு, இனிமே மாத்த முடியாது' என்று திரையில் வந்தது.

"என்னம்மா இது, உங்கம்மா மாதிரியே பேசுது" என்றார்.

படிப்பு முடிந்த கையோடு தோழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை, நாள், போய் வாழப்போகும் ஊர் எல்லாம் மற்றவர்கள் முடிவு செய்தது. முகூர்த்தப் பட்டு மட்டும் மாம்பழ நிறத்தில், அரக்குக் கரையோடு வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். அப்பாவே நெய்வதாகச் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் காலை நான் அங்கே இருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் குரல் தெளிவாகக் கேட்டது.

"எங்க வீட்டுல முகூர்த்தத்துக்குச் செவப்புதான் கட்டுவோம். மாத்திடுங்க."

அப்பாவின் தலை ஆட ஆரம்பித்துவிட்டது. தோழி லேப்டாப்பைத் திறந்தாள். புரோகிராமில் தன் முகூர்த்தச் சேலையை எடுத்து, பாவு பிணைத்தாயிற்று என்று குறித்தாள். பிறகு உடல் நிறத்தில் சிவப்பு என்று எழுதினாள். வழக்கமான மறுப்பு வந்தது. திரையை அப்பா பக்கம் திருப்பினாள்.

"முடியாதுன்னு சொல்லிக்கினு இருக்குதுப்பா" என்றாள், போனில் கேட்காத மெல்லிய குரலில்.

தறி அறையின் கதவு திறந்தே இருந்தது. தறியில் பழைய பாவின் நுனிகள்தான் தொங்கிக்கொண்டிருந்தன. மாம்பழ நிறப் பாவு இன்னும் பிரிக்காமல் சுவரோரம் கிடந்தது. மூன்று பேருக்கும் அது நன்றாகத் தெரிந்தது. அவர் திரையைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

"பாவு பிணைச்சாச்சுங்கம்மா. இனிமே மாத்த முடியாது" என்றார் போனில்.

அவர் ஒருவரிடம் முடியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போனை வைத்ததும் சட்டையைக் கழற்றி மாட்டினார். மாம்பழ நிறப் பாவைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

"நின்னுக்கினு இருக்காதம்மா, அவங்க வந்து பாக்கறதுக்குள்ள பிணைச்சாவணும்" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே தறிக்குப் போனார்.