தவக்காலத்தில் தாத்தா விட்டது

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தால் ஆளுக்கொன்றை விடுவோம். அம்மா காப்பியை விடுவாள். அப்பா கறியை விடுவார். நான் மிட்டாயை விடுவதாகச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் தின்பேன். அந்த வருடம் தாத்தா, அத்தையோடு பேசுவதை விட்டார். எட்டு வயதில் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் வேறு. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அத்தையைத் தாத்தா நர்சிங் படிக்கச் சொன்னார். அவளோ நாடகம்தான் படிப்பேன் என்று கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மூடிய வாயை அவர் அவளிடம் திறக்கவே இல்லை. மில்லில் முப்பது வருடம் இரைச்சலுக்குள் வேலை பார்த்த மனிதர் பேசாமல் இருப்பதில் கெட்டிக்காரர்.

சேர்க்கைத் தேர்வில் மூன்று நிமிடம் தனியாக நடித்துக் காட்ட வேண்டும். அத்தை வசனத்தைத் தானே எழுதிக்கொண்டாள். கோபித்துக்கொண்ட அப்பாவிடம் ஒரு மகள் பேசுகிறாள். ஒத்திகையில் அப்பா வேடம் எனக்கு. தாத்தாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும், என்ன சொன்னாலும் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அதுதான் பெரும்பாடு. வசனம் முழுக்க மனப்பாடமாகிவிட்டதால், அவளுக்கு முன்னால் நான் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வேன். ஆனாலும் அத்தைக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் அப்பாவாக இருப்பேன். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. மறுநாள் தேர்வு. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ஆரம்பித்தாள். பாதியில்தான் நாற்காலியைப் பார்ப்பாள். எனக்கு மூத்திரம் முட்டியது, நைசாக எழுந்து ஓடினேன். வந்து பார்த்தால், பூசை முடிந்து வந்த தாத்தா, ஓலைச் சிலுவையும் கையுமாக என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அத்தை திரும்பினாள். திகைத்தாள். நிறுத்திவிடுவாள் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. கடைசியில் மனப்பாடத்தில் இல்லாத ஒரு வரியைச் சொன்னாள்.

“திட்டறதுன்னா திட்டுப்பா. பேசாம மட்டும் இருக்காத.”

தாத்தா என்னைவிட நன்றாக நடித்தார், அசையவே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்புறம் தொண்டையைச் செருமினார்.

“நாளைக்கு எத்தினி மணிக்குப் போவணும்? நானும் வரேன்.”

நான் விடுவேனா? “தாத்தா! ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம் கெடக்குது. அதுக்குள்ள பேசிட்டியே!” என்று கத்தினேன்.

தாத்தா சிரித்தார். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தாத்தாவின் விரதத்தைக் கெடுத்துவிட்டோமே என்றுதான் அழுகிறாள் என நினைத்து, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணினால் சரியாகிவிடும் என்று நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.