லித்தோ சாயபுவும் போகிறவர்களுக்கான படமும்

பத்து நாட்களுக்கு முன், பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போக பனகல் பார்க் அருகே பஸ் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "மாஸ்டர், சேதி தெரியுமா? லித்தோ சாய்பு பூட்டாரு" என்றார். எப்போது என்று கேட்டேன். "முந்தாநாள் காலைலயே. அடக்கமும் ஆயிடுச்சி. உங்களுக்குச் சொல்லிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன். ஏன் இறங்கினேன் என்று தெரியவில்லை. அடக்கமே முடிந்துவிட்டபின் அவசரமாகப் போகவேண்டிய இடம் எதுவும் இல்லை. வெயிலில் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தேன்.

குலாம் தஸ்தகீர் சாயபு என்றால் உங்களில் பலருக்கு யாரென்று சட்டென்று விளங்காது. லித்தோ சாயபு என்றால் விளங்கும். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுப் பக்கம் சின்ன லித்தோ அச்சகம், அதாவது கல்லச்சுக்கூடம், நடத்திவந்தார். கல்யாணப் பத்திரிகை, மருந்துப் புட்டி லேபிள், நாடக நோட்டீஸ் எல்லாம் அவருடைய கல்லில்தான் அச்சாகும். ஆனால் அவர் மனம் முழுக்க இருந்தது வேறொன்றில். எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும், எந்த பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாலும், அங்கே மாட்டியிருக்கும் வழிப்படத்தின் முன்னும் நேர அட்டவணையின் முன்னும் நின்றுவிடுவார். அதைப் படிக்கமாட்டார். அதைப் படிக்க வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் பழக்கம் அப்படி ஒரு படத்தில்தான் தொடங்கியது. தியாகராய நகரில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். நான் அங்கே ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். பிள்ளைகளின் பெற்றோருக்காக, பள்ளிக்கு வரும் பஸ், டிராம், ரயில் வழிகளை ஒரே தாளில் வரைந்து, சுற்றிலும் மாவிலைக் கரை போட்டு, அச்சுக்கு எடுத்துப்போனேன். சாயபு அதைச் சுவரில் குத்திவைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்றார்.

"ரொம்ப ஜோரா கீது மாஸ்டர். இலையெல்லாம் அப்டியே பறிச்சி ஒட்டுனா மாதிரி கீது. இதுல அடையாறுலேர்ந்து வர்றவன் எங்க எறங்கி மாறணும்?"

நான் சுவரருகே போய் விரலை வைத்துத் தேடினேன். கொஞ்ச நேரம் பிடித்தது. சாயபு சிரிக்கவில்லை.

"வரைஞ்ச உங்களுக்கே தேட வேண்டிகீது. அவன் கைல கொழந்த இருக்கும், மூட்ட இருக்கும். கண்ணாடிய வூட்ல வச்சிட்டு வந்திருப்பான்."

அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. வேறு அச்சகம் தேடினேன். ஒரு வாரம் கழித்துக் கரையை எடுத்துவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, அவரிடமே திரும்பப் போனேன். "இப்ப கொஞ்சம் சொல்லுது" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. அதன் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் பழகினோம். அதைவிடப் பெரிய பாராட்டு எதையும் அவரிடமிருந்து நான் வாங்கவில்லை.

இனி சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரங்கல் எழுதுகிறவர் தன் குற்றத்தை அதில் சேர்ப்பது வழக்கமில்லை. ஆனால் இதை விட்டுவிட்டால் சாயபுவைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் மிஞ்சாது.

பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய புதிது. ரயில் ஒரு பக்கம், டிராம் ஒரு பக்கம், ஆளுக்கொரு பஸ் ஒரு பக்கம் என்று ஜனங்கள் குழம்பிக்கொண்டிருந்தார்கள். மயிலாப்பூரில் பொதுக்காரியங்களில் ஈடுபட்ட சிலர் சங்கமாகச் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். எல்லா வழிகளையும் நேரங்களையும் ஒரே படத்தில் காட்டவேண்டும். தேர்வாகும் படம் அச்சாகி ஸ்டேஷன்களில் மாட்டப்படும். நடுவர்கள் மூன்று பேர். தலைவராக ஒரு வக்கீல், சித்திரம் தெரிந்தவன் என்று நான், அச்சு தெரிந்தவர் என்று சாயபு.

வந்த படங்களில் இரண்டுதான் கடைசிவரை நின்றன. ஒன்று, சீமைக்குப் போய்ப் படித்துவந்த ஒரு சித்திரக்காரர் வரைந்தது. தோகை விரித்த மயில். ஒவ்வொரு பீலியும் ஒரு வழி. பீலிக் கண்களுக்குள் வண்டி நேரங்கள். நீலமும் பச்சையும் பொன்னும் கலந்து, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. மற்றொன்று சைதாப்பேட்டையைச் சேர்ந்த ஒரு தந்தி குமாஸ்தா போட்டது. கறுப்பிலும் சிவப்பிலும் நேர்க்கோடுகள், பெரிய பெரிய எண்கள், ஊர்ப் பெயர்கள் தமிழில். அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

சாயபு இரண்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். நானும் பின்னால் போனேன். லஸ் முனையில் டிராமுக்கு நின்ற கூட்டத்தில் ஒரு மீன்காரம்மாவிடம் இரண்டையும் விரித்துக் காட்டினார். "படிப்பெல்லாம் கெடையாது நைனா, நம்பரு மட்டும் தெரியும்" என்றாள் அவள். குமாஸ்தாவின் படத்தில் கிண்டிக்கு வண்டி எத்தனை மணிக்கு என்று விரலை வைத்துக் காட்டினாள். கிண்டி என்ற எழுத்து தெரியாவிட்டாலும் பீச்சிலிருந்து எத்தனையாவது ஸ்டேஷன் என்று கோட்டில் எண்ணிக் கண்டுபிடித்தாள். மயிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இது சாமி படமா? எவ்ளோ?" என்று கேட்டாள்.

சங்கக் கூடத்துக்குத் திரும்பி வந்து சாயபு சொன்னதை நான் மறக்கவில்லை. "பாக்கறதுக்கு வர்றவன் வேற, போறதுக்கு வர்றவன் வேற. இது போறவனுக்கு." மயிலின் காலடியில் புல்லுக்குள் பொடி எழுத்தில் இருந்த இங்கிலீஷ் குறிப்பையும் அவர்தான் சுட்டிக்காட்டினார். நட்சத்திரம் போட்ட வண்டிகள் ஞாயிற்றுக்கிழமை ஓடாது என்று அதில் இருந்தது. அந்த நட்சத்திரங்களோ பீலியின் பொன் புள்ளிகளோடு புள்ளியாகக் கலந்து கிடந்தன.

நாங்கள் மூவரும் மூன்றாவது முறை கூடியது ஒரு சித்திரை மாதப் பிற்பகல். காற்று இல்லை. எனக்குக் காலையிலிருந்தே தலைவலி. மயில்தான் என்று வக்கீலும், குமாஸ்தாவின் படம்தான் என்று சாயபுவும் விட்டுக்கொடுக்காமல் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசினார்கள். வக்கீல் என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கோ. கட்சிக்காரா வந்து ஆத்துல காத்துண்டிருக்கா. வெள்ளைக்காராளும் வந்து பார்க்கப்போற படம். கோடு கோடா நீட்டிண்டிருக்கறதையா மாட்டறது?"

சாயபு சொல்வதுதான் சரி என்று எனக்குத் தெரியும். மயில் அழகாக இருந்ததும் உண்மை. அதைவிட, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று இருந்தது. மயிலே இருக்கட்டும் என்றேன். சாயபு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்கமுடியாமல், "விடுங்க சாயபு, படம்தானே" என்றேன். அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார். நான் போட்டேன்.

படம் அச்சாகி ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தொங்கியது. பத்திரிகைகள் புகழ்ந்தன.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாம்பலம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். என் பள்ளிக்குப் பக்கத்து மனையில் சித்தாளாக வேலை செய்த காசியம்மா பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குப் பாத்திரம். அவளுடைய புருஷன் தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மார்புச் சளி நோயோடு கிடந்தான். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். போய்வருகிற தெருக்காரர் யாராவது அவளைக் கூட அழைத்துப்போவார்களாம். அன்று முதன்முறையாகத் தனியாக வந்திருந்தாள்.

"இன்னா சாமி, எட்டு மணி வண்டி இன்னும் வர்ல? நானும் குந்திக்கினே கீறேன்."

படத்தில் பார்த்துத்தான் வந்தேன் என்றாள். சுவரில் மயில். எட்டு என்று இருந்த பீலியைக் காட்டினாள். நானும் பார்த்தேன். எட்டு மணிக்கு வண்டி உண்டு என்றுதான் எனக்கும் பட்டது. டிக்கெட் குமாஸ்தா வந்து அந்த நட்சத்திரத்தைக் காட்டிய பிறகுதான் விளங்கியது. குறிப்பு இருப்பது தெரிந்தவன், அந்தப் படத்துக்குக் கையெழுத்துப் போட்டவன், எனக்கே அது கண்ணில் படவில்லை. அடுத்த வண்டியில் அவள் ஏறிப்போனாள். போய்ச் சேரும்போது நேரம் முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் அவளை வேலையில் காணோம். அதற்கடுத்த வாரம் செங்கல் சுமந்துகொண்டிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. வேலியோரம் போய் நின்றேன். அவளே சொன்னாள்.

"வியாழக்கெழம பூட்டாருப்பா. அன்னிக்கி உள்ள வுடலியே. கேட்டாண்ட நின்னு கஞ்சிய குட்த்து அனுப்பிட்டு வந்தேன். குட்ச்சாரோ இன்னாவோ."

அவள் யாரையும் குறை சொல்லவில்லை. அந்தப் படத்துக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மேஸ்திரி கூப்பிட்டார், போய்விட்டாள்.

அன்று மாலை நேராக அச்சகத்துக்குப் போனேன். கூடத்தில் அப்படிப் பிரிந்தபின் சாயபுவை நான் பார்க்கவே இல்லை. நடந்ததைச் சொன்னேன். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாகியிருக்கும். அவர் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, "எந்தெந்த வண்டி?" என்று மட்டும் கேட்டார். அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினோம். மறுநாள் சிவப்பு மையில் "ஞாயிறு இந்த வண்டி இல்லை" என்று விரற்கடை உயர எழுத்தில் துண்டுத்தாள்கள் அச்சடித்தார்.

அடுத்த மூன்று மாலைகளும் நாங்கள் இருவரும் பசை வாளியோடு மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி என்று அலைந்தோம். நான் ஸ்டூல் மேல் ஏறுவேன், அவர் கீழிருந்து இடம் சொல்வார். பொன் பீலிகளின் மேல் சிவப்புத் தாள் ஏறியது. கிண்டியில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் எங்களைத் தடுத்தார். சாயபு அவரிடம் வாதாடவில்லை. "ஞாயித்துக்கெழம பத்து பேரு உங்ககிட்ட வந்து சண்ட போட்றாங்களா இல்லியா?" என்றார். ஸ்டேஷன் மாஸ்டர் சற்று யோசித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வக்கீலுக்குச் செய்தி எட்டியது. "சங்கத்தையே அவமானப்படுத்திட்டேள்" என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பிச் சொன்னார். காசியம்மாவின் கதையைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனாலும், "அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?" என்றார். படங்களை எல்லாம் கழற்றிவிட்டார்கள். தந்தி குமாஸ்தாவின் படத்தை மாட்டுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அதையும் மாட்டவில்லை. சங்கத்து அச்சு வேலை சாயபுவுக்கு வருவது அதோடு நின்றது. கொக்கி மட்டும் இருந்த மாம்பலம் ஸ்டேஷன் சுவரைப் பார்த்து அவர் சொன்னார்: "பரவால்ல மாஸ்டர். வெறுஞ்செவுரு யாரையும் ஏமாத்தாது."

பிறகு அந்தக் குமாஸ்தாவைத் தேடிப்பிடித்து, அவர் படத்தைத் தம் கல்லிலேயே ஏற்றி, சைதாப்பேட்டை ஸ்டேஷனில் மட்டும் அனுமதி வாங்கி மாட்டினார். வண்டி நேரம் மாறும்போதெல்லாம் புதிதாக அச்சடித்து மாற்றினார். மற்ற ஸ்டேஷன்களில் யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். கடைசி இரண்டு வருஷம் இரைப்பு நோய். சைதாப்பேட்டைப் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார். இதெல்லாம் எதற்கு என்று நானே ஒருமுறை கேட்டேன். "நேரம் மாறிடுச்சே" என்றார்.

போன மாதம் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். அவர் மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். இத்தனை வருஷமாகச் சொல்ல நினைத்ததை அன்று சொன்னேன். "அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது சாயபு. தலைவலி, அலுப்பு. போட்டுட்டேன்."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நானும் அலுத்துதான் பூட்டேன் மாஸ்டர். கோவம்னு நீங்க நெனச்சிக்கினு கீறீங்க. கோவம் இல்ல. போதும்னு ஆயிடுச்சி. இன்னொரு அர மணி நேரம் குந்தி பேசிருந்தா நீங்க என் பக்கம் வந்திருப்பீங்க, எனக்குத் தெரியும். பேசாம எந்திரிச்சி வந்துட்டேன். அந்தப் பொம்பள சேதிய நீங்க வந்து சொன்னப்போ எனக்கு அதான் நெஞ்சில குத்திச்சி."

அவரும் அதைச் சுமந்துகொண்டிருந்தார் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டீ ஆறிப்போயிற்று.

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் ஒரு கூட்டம். புதிதாக வரும் பஸ் வழிகளை வாசலில் பலகையாக எழுதி வைப்பது பற்றி. மாதிரிப் பலகை மேஜைமேல் கிடந்தது. எழுத்து அழகாக இருந்தது. பஸ் எங்கே நிற்கும் என்பது மட்டும் அதில் இல்லை. மணி ஐந்தரை. எல்லோரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்கும் முதுகு வலித்தது. ஹெட்மாஸ்டர் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"கொஞ்சம் உட்காருங்க, சார்" என்றேன். "இன்னும் ஒரு அரை மணி நேரம் ஆகும்."

தஸ்தகீர் சாயபுவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த அரை மணி நேரம்தான்.