தண்ணீர்ப் பக்கம் ஆள் நிற்க வேண்டும்

முதல் பிரசவத்துக்கு என் மனைவியைக் கட்டிலில் வைத்து மைல் கணக்கில் சுமந்து, பரிசலில் ஏற்றி, அக்கரையில் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தோம். குழந்தை தங்கவில்லை. அறுபதுகளின் கடைசி அது. கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் ஏறினால் எங்கள் ஊர்ப் பாதை முங்கிவிடும். அவள் மறுபடி மாசமானபோது ஒரே முடிவாக இருந்தேன்: இந்தத் தடவை வண்டி என் வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.

"பரிசல்ல கார் ஏத்தப் போறானாம்!" என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். நான் லாரிப் பட்டறையில் வெல்டிங் பண்ணுகிறவன். காலி டிரம்களை வாங்கி, வாயை அடைத்து, இரும்புச் சட்டத்தில் கட்டி, மேலே பலகை அடித்தேன்.

கார் மிதவையின் நடுவில் நின்றால் பயமே இல்லை. எல்லா டிரம்மும் சேர்ந்து சுமக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஆபத்து. சக்கரம் ஓரத்துக்கு வந்தால் கரைப் பக்கம் அமுங்கும், தண்ணீர்ப் பக்கம் தூக்கும். அதனால் தண்ணீர்ப் பக்க ஓரத்தில் ஆட்கள் நிற்க வேண்டும். மிதவையைக் கயிறு போட்டு மரத்தில் இறுக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் உதைக்கிற உதையில் நழுவிவிடும். "கார் முழுசா தரையில இறங்கற வரைக்கும் ஒருத்தனும் அசையக் கூடாது" என்று என் பங்காளிகளிடம் தொண்டை வற்றச் சொல்லியிருந்தேன்.

டாக்ஸிக்காரர் ஓசூர் ஆள். "ஒரு தடவை வந்து பாக்கறேன். சரியா இறங்குச்சுன்னா பிரசவம் முடியற வரைக்கும் உங்க ஊர்லயே கிடக்கறேன். சக்கரம் தண்ணியில இறங்குச்சுன்னா அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க" என்றார். நியாயம்தான்.

அக்கரையில் நூல் பிசகாமல் ஏறியது. கயிற்றைப் பிடித்து இழுத்து வந்தோம். எங்கள் கரை நெருங்கியதும் ஆட்களை மறு ஓரத்துக்கு மாற்றி நிறுத்தினேன். முன் சக்கரம் தரையைத் தொட்டது. வந்தது வினை! ஊருக்குள் புதுசாக வண்டி வந்தால் கற்பூரம் சுற்றாமல் எங்களுக்கு ஆகாது. பெண்கள் தட்டோடு குறுக்கே வந்தார்கள். ஒருத்தி சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். டிரைவர் மரியாதைக்குப் பிரேக் போட்டார். என் பங்காளிகள் அத்தனை பேரும் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஓடி வந்து கரையில் குதித்தார்கள்.

மிதவை கரைப் பக்கம் சரிந்தது. பின் சக்கரத்தைத் தண்ணீர் தொட்டது. "போச்சு, போச்சு" என்று டிரைவர் அலறினார்.

"அறிவு கெட்டவனுங்களா, ஏறுங்கடா!" என்று கத்தினேன். தட்டை விட்டுவிட்டு வர ஒருத்தனுக்கும் கால் எழவில்லை. அதற்குள் கரையில் நின்றிருந்த என் மனைவி, நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதவையில் ஏறி, காரை ஒட்டி நடந்து தண்ணீர்ப் பக்க ஓரத்துக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இறங்கு புள்ள!"

"மாட்டேன். வண்டி இறங்காம நான் இறங்க மாட்டேன்."

அவள் ஒருத்தி எடைக்கு மிதவை நிமிராது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு எவன் கரையில் நிற்பான்? விழுந்தடித்துக்கொண்டு அத்தனை பேரும் அவள் பின்னால் ஓடினார்கள். ஓரம் நிமிர்ந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கார் மேலேறியது.

டிரைவர் இறங்கிப் பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். ஈரம் சொட்டியது. அவர் என் மனைவியிடம், "எப்பம்மா நாள் சொல்லியிருக்காங்க?" என்று கேட்டார்.

"இந்த வாரம்ணா."

கார்ச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "படுக்க ஒரு பாய் குடுங்க" என்றார்.