கேற் வராத கடவையில் பவளக்கா

பவளக்காவை நாங்கள் சம்பளமில்லாத ரயில் கேற்றாக வைத்திருந்தோம். கொக்குவிலில் ரயில் பாதையின் இரு பக்கமும் குடியிருக்கும் எங்கள் ஒழுங்கைக்காரர் அத்தனை பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அவருடைய தம்பியார் வெளிநாட்டிலிருந்து கேட்டார். எனக்குத் தெரிந்த நல்லது இதுதான்.

செய்தி ஒழுங்கையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. சுன்னாகத்தில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் அப்போது சரியான சன நெரிசல். ஒரு கையில் மாத்திரை அட்டை, மறு கையில் தொலைபேசி. பவளக்கா காலமானார் என்ற வரியின் கீழே கைகூப்பிய படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. முதல்நாள் நெஞ்சு நோவென்று ஓட்டோவைத் தானே கூப்பிட்டு, வாசற் படலையைத் தானே பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். மறுநாள் காலை கடவையில் அவரைக் காணவில்லை என்பதை எல்லோரும் கவனித்தோம். என்னவென்று கேட்க ஒருவரும் அந்தப் படலையைத் தட்டவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காக: பவளக்கா தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். கலியாணம் கட்டவில்லை. தண்டவாளத்தை ஒட்டியிருந்த வீட்டில் தனியே இருந்தார். எங்கள் ரயில் கடவைக்குக் கேற் இல்லை. ஒரு பலகை மட்டும் உண்டு, அதன் எழுத்தும் வெயிலில் வெளுத்துவிட்டது. வடக்கே பாதை வளைகிறது. வளைவை ஒரு மதிலும் வேம்பும் மறைக்கின்றன. ஒருநாள் பள்ளிக்கூட வான் ஒன்று தண்டவாளத்தின் மேல் இயந்திரம் நின்றுபோய்க் கிடந்தது. பவளக்கா முற்றத்திலிருந்து ஓடிவந்து, கத்தி ஆட்களைக் கூட்டி, தானும் ஒரு கை கொடுத்துத் தள்ளினார். அன்றிலிருந்து ரயில் வரும் நேரங்களில் சிவப்புக் குடையுடன் கடவையில் நிற்கத் தொடங்கினார். குடை விரிந்திருந்தால் நிற்கவேண்டும். சுருக்கினால் போகலாம்.

அன்பான பெண்மணி என்றெல்லாம் எழுத மாட்டேன். வாய் பொல்லாதது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் குடைக்கு அடியால் நுழையப் பார்த்தான்.

"அன்ரி, உங்களுக்கு உந்த வேலையை ஆர் தந்தது?"

"கொம்மாதான். உன்னைப் பெத்த பாவத்துக்கு அவ இருந்து அழக்கூடாதெண்டு. நில்லடா அங்கை!"

அவன் நின்றான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாஸ்ரர் இருக்கிறார். குடை சுருங்கும்வரை ஸ்கூட்டரில் இருந்தபடி தினமும் ஒரே பேச்சைப் பேசுவார். "நாங்கள் வரி கட்டுறம். அவங்கள் கேற் போடவேணும். நீங்கள் நிண்டு நிண்டு அவங்களைப் பழுதாக்கிறியள்."

"வரி கட்டின துண்டைக் கோச்சிக்கு முன்னாலை பிடியுங்கோ மாஸ்ரர், நிக்குதோ பாப்பம்."

ஆனால் மாஸ்ரர் சொன்னதில் பாதி எனக்கும் சரியாகவே பட்டது. இன்றைக்கும் படுகிறது. அதனால்தான் நான் ஆட்களிடம் கையெழுத்துச் சேர்த்தேன். கடவைகளைப் பார்க்கிற கந்தோருக்குப் பவளக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கதைத்தார். எங்களை இருத்தித் தண்ணீர் தந்தார்.

"உங்கடை கடவையிலை இதுவரைக்கும் ஒண்டும் நடக்கேல்லையே, அம்மா. ஆக்கள் செத்த இடங்களுக்கே இன்னும் போட்டு முடியேல்லை."

ஒன்றும் நடக்காததற்குக் காரணம் அவருக்கு எதிரிலேயே இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பவளக்கா ஓம் என்று தலையாட்டிவிட்டு எழும்பினார்.

பஸ் நிலையத்தில் வடை வாங்கித் தந்தார். நான் வாங்கிய கையோடு கத்தினேன்.

"அக்கா, நாளையிலிருந்து நில்லாதேங்கோ. நீங்கள் நிக்கிறதாலைதான் அவங்கள் தப்புறாங்கள். ஒண்டு நடந்தாத்தான் கேற் வரும்."

அவர் வடையைக் கடித்து, மென்று, விழுங்கிவிட்டுச் சொன்னார்: "சரி. ஆரை அனுப்புவம்? பேரைச் சொல்லு."

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

"உன்ரை தங்கச்சி ரியூசனுக்கு உந்தக் கடவையாலைதானே போறவள்? அவளையோ? மாஸ்ரரையோ? சொல்லு பிள்ளை, நான் நாளைக்கே வீட்டிலை படுக்கிறன்."

பஸ் வந்தது. ஏறியபின் அவரே கோபம் தணிந்து கதைத்தார். "கேக்கிறதை விடாதை. அது அவங்கள் செய்யவேண்டிய வேலைதான். அரசாங்கம் எனக்குப் பென்சன் தருது, நான் என்னத்துக்கு அதோடை கோவிக்கிறன்? ஆனா அவங்கள் வருமட்டும் கோச்சி வராமல் நிக்காது."

அதன்பின் என்னைக் காணும்போதெல்லாம் கேட்பார்: "என்ன, உன்ரை கேற் வெளிக்கிட்டிட்டுதோ? எந்த ஊரிலை நிக்குதாம்?"

ஒரு மாரிக்காலம். மழையில் நானும் என் சைக்கிளும் கடவையில் நின்றோம். எனக்குப் பின்னால் கண்ணாடி ஏற்றிய கார்கள். ரயில் போனது, குடை சுருங்கியது, கார்கள் சேற்றை அடித்துக்கொண்டு போய்விட்டன. நான் போகவில்லை, சங்கிலி கழன்றிருந்தது. குனிந்து மாட்டிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே மறுபடியும் குடை விரிந்தது.

"கோச்சி போனாப் பிறகு இஞ்சை ஒருத்தரும் நிக்கிறேல்லை," என்றார். "நான் சனத்தின்ரை முகத்தைப் பாக்கிறது, அவை நிக்கிற அந்த நேரத்திலைதான்."

சங்கிலி சரிவந்துவிட்டது. எனக்கு வேலைக்கு நேரமாகியிருந்தது. நானும் போனேன்.

இனி அவருடைய இறுதி ஊர்வலம். ஒழுங்கைக்காரர் நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள், ஆனாலும் எழுதுகிறேன். சுடலை தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கிறது. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அதனால் பவளக்காவின் படலையடியில் நாங்கள் நின்றுவிட்டோம். பறை முன்னே போனது, ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு கடவையை நோக்கிப் போனார்கள். பின்னேர ரயில் அன்று பிந்தியிருந்தது. அது போய்விட்டதென்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தப் படலையடியில் நின்றால்தான் வேம்புக்கு அப்பாலும் பாதை தெரியும். அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவே நின்ற எனக்கு அது தெரிந்தது. ரயிலும் தெரிந்தது.

"கோச்சி! நில்லுங்கோ, கோச்சி வருது!"

பறைச் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை. குடை படலைத் தூணில் வழக்கமான ஆணியிலேயே தொங்கியது. இழுத்தெடுத்து, விரித்து, ஆண்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிப் பறைக்கு முன்னால் நின்றேன். சிவப்பைக் கண்டதும் பறை நின்றது. பாடை நின்றது. பழக்கம்தான். பெரிய சத்தத்தோடு ரயில் எங்களுக்கும் சுடலைக்கும் நடுவே போனது. பவளக்கா, தூக்கியவர்களின் தோளில் கிடந்தபடி, கடைசித் தடவையாகக் காத்திருந்தார்.

புழுதி அடங்கியதும் மாஸ்ரர் சொன்னார்: "இதுக்குத்தான் சொல்லுறது, அவங்கள் ஒரு கேற் போடவேணுமெண்டு."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் குடையைச் சுருக்கினேன். அவர்கள் கடந்து போனார்கள். நான் கடவையின் இந்தப் பக்கத்தில் நின்றேன். அவ்வளவு சனத்துக்குள் அவ்வளவு தனியாக நான் ஒருநாளும் நின்றதில்லை. அவர் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நின்றிருக்கிறார்.

கந்தோருக்கு மறுபடியும் போனேன். அதே மரியாதை, அதே தண்ணீர், அதே பதில். இன்னும் போவேன். கேற் போடுவது அவர்களின் கடமை, அதை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் அவர்களைத் திட்டிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிற எங்களையும் மன்னிக்க முடியவில்லை.

பவளக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கம்பி முறிந்த சிவப்புக் குடை. காலை ரயில்களுக்கு நான் அதோடு நிற்கிறேன். ஸ்கூட்டர்கள் நிற்கின்றன, கார்கள் நிற்கின்றன, நானும் முகங்களைப் பார்க்கிறேன். பின்னேர ரயில் வரும்போது நான் சுன்னாகத்தில் இருப்பேன். ரியூசன் பிள்ளைகள் சைக்கிளில் திரும்புகிற நேரம் அது.

அவரிடமிருந்து மிஞ்சிய இன்னொன்று, பஸ் நிலையத்தில் அவர் கேட்ட கேள்வி. அதை நேற்று அந்தக் கைகூப்பிய படங்களுக்குக் கீழே, அதே குழுவில் போட்டேன்.

"பின்னேரக் கோச்சிக்கு ஆர் நிக்கிறியள்? பேரைச் சொல்லுங்கோ."

எல்லோரும் பார்த்துவிட்டதாகத் தொலைபேசி காட்டுகிறது.